என் அப்பா சுட்ட மாமா

என் அத்தையின் வீட்டுக்காரரை வானத்திலிருந்து சுட்டு வீழ்த்தியவர் என் அப்பா. கொஞ்ச நாளில் தன் ஒரே தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். எங்கள் வீட்டில் இதை யாரும் மறைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது இதையே முதல் வரியாக எழுதினேன். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டுக்கதை எழுதச் சொல்லவில்லை, உள்ளதை எழுதச் சொன்னேன் என்றார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் மாமாவே பள்ளிக்கு வந்துவிட்டார். இடது காலை லேசாக இழுத்தபடி வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், அந்தச் சுடப்பட்ட ஆள் நான்தான்" என்றார். டீச்சர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. வகுப்பு முழுக்க என்னைப் பொறாமையோடு பார்த்தது.

போருக்கு முன்னால் மாமா மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவர். மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எது கருகி வந்தாலும் உள்ளே இருக்கும் செப்புக் கம்பியைப் பிரித்தெடுத்துப் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துத் தர வேண்டும். விமானப்படையில் ஆள் எடுத்தபோது, ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து வேலை செய்யத் தெரியுமா என்று கேட்டார்களாம். அதைத்தான் இத்தனை நாளும் செய்துகொண்டிருக்கிறேன் என்றாராம். காதில் ஹெட்போனை மாட்டி வயர்லெஸ்காரர் ஆக்கிவிட்டார்கள்.

அவர் பறந்தது சக்கரத்துக்குப் பதில் மிதவைகள் வைத்த சின்ன விமானம். தண்ணீரிலிருந்து கிளம்பி, தண்ணீரிலேயே இறங்கும். இரண்டே பேர். முன்னால் விமானி. பின்னால், வாலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தபடி மாமா. கடல்மேல் சுற்றி வந்து எதிரிக் கப்பல் தென்பட்டால் சொல்வதுதான் வேலை. விமானி மாமாவைவிடச் சில வயது பெரியவர். தரையில் இருக்கும்போது மாமா அவரை "சார்" என்பார். மேலே போனதும் "அண்ணே" ஆகிவிடும். கீழே இறங்கினால் மறுபடி சார். விமானிக்கு அது வேடிக்கையாக இருக்கும். "நான் மேலயே இருந்துடறேன்டா, அங்கதான் எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்பாராம்.

அப்பா ஒரு காவல் கப்பலில் பீரங்கிக்குக் குறி பார்ப்பவர். சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது பக்கத்திலேயே துணைக்குப் போகும் சிறிய கப்பல் அது. அப்பாவும் மாமாவும் ஒரே துறைமுகத்திலிருந்துதான் கிளம்பினார்கள். ஒரே கடையில்தான் டீ குடித்தார்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் தெரியாது.

துறைமுகத்தில் எதிரெதிரே இரண்டு கட்டடங்கள். ஒன்று கடற்படையின் அலுவலகம். இன்னொன்று விமானப்படையுடையது. நடுவில் ஒரு தெரு. கடற்படை அலுவலகத்துக்குள் விமானப்படையின் அதிகாரி ஒருவருக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். கப்பல்கள் எங்கே போகின்றன என்று விமானப்படைக்கும், விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று கடற்படைக்கும் சொல்வது அவர் பொறுப்பு. அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். புது ஆளை அனுப்ப வேண்டியது நீங்கள்தான் என்று இவர்கள் அவர்களுக்கு எழுத, செலவை நீங்கள் ஏற்றால் அனுப்புகிறோம் என்று அவர்கள் இவர்களுக்கு எழுத, நாற்காலி காலியாகவே கிடந்தது. அதில் யாரோ குடையை மாட்டி வைத்திருந்தார்கள் என்று அப்பா சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் கடலில் ஓரிடத்தில் எதிரி கண்ணிவெடி போட்டிருப்பது தெரிந்து, சரக்குக் கப்பல்களின் வழியைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். மாற்றிய செய்தி அந்தக் காலி மேஜைக்குப் போனது. மேஜை யாருக்குச் சொல்லும்? தெருவுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் விஷயம் தெரியாது. இந்தப் பக்கமோ, விமானப்படைக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் விமானம் எதுவும் அந்தத் திசைக்கு வராது, ஏதாவது வந்தால் அது எதிரியுடையதுதான் என்று கப்பல்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காலை வெயில் ஏறும் நேரம். கப்பலே இருக்கக்கூடாத இடத்தில் கப்பல்கூட்டம் தெரிந்ததும் விமானி திகைத்துப்போனார். யாருடையவை என்று பார்க்கத் தாழ்ந்து வந்தார். நம் ஆட்கள் என்று காட்டிக்கொள்ள அடையாள வாணம் ஒன்று விடுவார்கள். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நிறம் உண்டு. மாமா பச்சை வாணத்தை விட்டார். கடற்படையில் அன்று காலையே நிறத்தைச் சிவப்பாக மாற்றியிருந்தார்கள். அந்தச் செய்தியும் குடை மாட்டிய நாற்காலிக்குத்தான் போயிருந்தது.

கப்பலில் கேப்டன், நம்ம விமானம் ஏதாவது வரவேண்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. வாணத்தின் நிறமும் தப்பு. விமானமோ நேராகத் தங்களை நோக்கி இறங்கிவருகிறது. சுடச் சொன்னார். அப்பா குறி பார்த்தார். முதல் சுற்று தவறியது. அடுத்தது பட்டது.

தளத்தில் கைதட்டினார்கள். யாரோ அப்பாவின் முதுகில் பலமாகத் தட்டிக்கொடுத்தார்கள். பட்ட அடியெல்லாம் மறந்துபோனது, அந்தத் தட்டு மட்டும் இன்னும் வலிக்கிறது என்று பல வருடம் கழித்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

விமானம் புகைந்துகொண்டே தண்ணீரில் இறங்கியது. ஒரு மிதவை உடைந்து ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எதிரிகளைக் கைதியாகப் பிடிக்கலாம் என்று கப்பல் பக்கத்தில் போனது. விளிம்பு நெடுக ஆட்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். அப்போது தண்ணீரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த எருமமாடுடா சுட்டது? கண்ணு தெரியலயா உங்களுக்கெல்லாம்?"

அச்சு அசலாக நம் பேச்சு. அதற்குமேல் வந்ததெல்லாம் என்னிடம் அப்பாவும் சொன்னதில்லை, மாமாவும் சொன்னதில்லை. அந்த வசவைக் கேட்டதும் கேப்டன் தொப்பியைக் கழற்றினார். துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அப்பா பூட்ஸை உதறிவிட்டுக் கத்தியோடு கடலில் குதித்தார். யாரும் குதிக்கச் சொல்லவில்லை. குதிக்காதே என்று பின்னால் கத்தியது மட்டும் கேட்டதாம்.

மாமாவின் இடது கால் வளைந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. அவருக்கு நீச்சல் சுமார்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் போனதும் மாமா அவரைத் தள்ளிவிட்டு முன்பக்கம் கையைக் காட்டினார். "அண்ணனத் தூக்குங்க முதல்ல." அப்பா முன்னால் நீந்திப் போய்ப் பார்த்தார். விமானி கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அப்பா திரும்பி வந்தார்.

"அவர் போயிட்டாரு. நீங்க வாங்க."

வாரை அறுத்து, சட்டத்தை வளைத்து, காலை உருவியெடுத்து அப்பா அவரை இழுத்துக்கொண்டு விலகுவதற்கும் விமானம் மூழ்குவதற்கும் சரியாக இருந்தது. விமானி அதோடு போய்விட்டார்.

கப்பலில் மாமாவுக்கு உடை மாற்றி, காலுக்குக் கட்டுப்போட்டுப் படுக்கவைத்தார்கள். சூப் எடுத்துக்கொண்டு அப்பாதான் போனார். வேறு யாராவது சொல்லித் தெரிவதற்குமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். "நான்தாங்க சுட்டேன்" என்றார். சொல்லும்போது கிண்ணம் சாய்ந்து சூப் சிந்தியது. மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கிண்ணத்தக் கீழ வைங்க, என் மேலயே ஊத்திட்டிருக்கீங்க" என்றார். அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமா அப்போதே மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்கே அப்படிச் சொன்னால் பிடிக்காது. கரைக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு அப்பாமேல் கொலைவெறியே இருந்தது. காலை அசைக்கும்போதெல்லாம் அப்பாவைத் திட்டுவாராம். அப்பா ஞாயிறுதோறும் ரொட்டியில் ஜாம் தடவி எடுத்துப்போய், உள்ளே போகத் தைரியமில்லாமல் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வருவார். நர்ஸ் யார் கொடுத்தது என்று சொல்லாமல் மாமாவுக்குக் கொடுப்பார். மாமாவும் சாப்பிட்டுவிட்டு, யாரோ புண்ணியவான் என்று வாழ்த்துவார்.

அத்தை அப்போது தண்ணீர் வரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு, அந்த ஆளை நானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். ஒரு விமானத்தை அண்ணன் தவறுதலாகச் சுட்டார், அதிலிருந்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதுவரைதான் அத்தைக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று நினைத்து, "நல்லவேளை, எங்கண்ணனுக்குக் குறி பார்க்கத் தெரியல" என்று சொன்னார்.

"தெரியும்ங்க" என்றார் மாமா. "முன்னாடி இருந்தவர் போயிட்டாரு."

அத்தை அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகப் பார்த்தவரை மாமாவே உட்காரச் சொல்லி, விமானியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தரையில் சார், மேலே அண்ணே என்ற கதையெல்லாம் அன்றுதான் முதல்முதலாக ஒருவரிடம் சொன்னார். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து விரட்டும்வரை அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, அண்ணன் சாப்பிடுவதே இல்லை என்றும், முடிந்தால் ஒரு வார்த்தை அவரோடு பேசும்படியும், முடியாவிட்டால் தப்பாக நினைக்கமாட்டேன் என்றும் சொன்னார். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ரொட்டி யார் கொண்டுவருவது என்பதும் வெளியே வந்தது. மாமா அத்தையிடம் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு அவரையே உள்ள வரச்சொல்லுங்க. ஜாம் இன்னும் கொஞ்சம் தாராளமா தடவச் சொல்லுங்க."

அப்படித்தான் அப்பா உள்ளே போனார். என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் பேசவில்லை என்பார்கள் இருவரும். மாமா ரொட்டி சாப்பிட்டார், அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அடுத்த வாரம் இருவரும் சாப்பிட்டார்கள்.

இதற்கிடையில் விசாரணை வந்தது. ஒன்றில்லை, இரண்டு. கடற்படை தனியாக ஒன்று, விமானப்படை தனியாக ஒன்று. இவர்கள் அவர்கள் ஆளைக் கூப்பிடவில்லை, அவர்கள் இவர்கள் ஆளைக் கூப்பிடவில்லை. கடற்படை விசாரணை போன போக்கில், தப்பான வாணம் விட்டுத் தாழ்ந்து வந்த விமானிதான் குற்றவாளி ஆகிவிடுவார் போலிருந்தது. விமானப்படை விசாரணையிலோ, அவசரப்பட்டுச் சுட்ட பீரங்கிக்காரர்மேல் பழி விழும் போலிருந்தது. செத்தவர் வந்து பேசப்போவதில்லை. அப்பாவுக்கோ, என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்ற மனநிலை. ஒருவகையில் அவருக்கு அதுவே வேண்டியிருந்தது.

மாமாவை அவருடைய படையின் விசாரணைக்கு மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குப் போனார். வாசலில் நிறுத்தினார்கள். நான் இந்த வழக்கில் சுடப்பட்டவன், உள்ளே விடுங்கள் என்றார். அந்த வாசகத்துக்கு எந்த விதியும் இல்லாததால் காவலர் குழம்பிப்போய் உள்ளே விட்டுவிட்டார். வழிநெடுகப் பேசிப்பார்த்து வைத்திருந்ததெல்லாம் அதிகாரிகளைப் பார்த்ததும் மறந்துபோனது. யார் உங்களை வரச்சொன்னது என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை என்றார். பிறகு இரண்டு இடத்திலும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"எங்க விமானி தாழ்ந்து வந்தது அவர் வேலை. இவர் சுட்டது இவர் வேலை. ரெண்டு பேருக்கும் சொல்லவேண்டியத யாரும் சொல்லல. அதுக்கு இவங்க ரெண்டு பேரையும் பிடிக்காதீங்க."

அதைக் கேட்டு யாரும் மனம் மாறி எழுந்து நின்றுவிடவில்லை. ஒரு அதிகாரி உட்காருங்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மற்றவர் எழுதிக்கொண்டார். ஆனால் இரண்டு விசாரணையும் யார்மேலும் குற்றமில்லை என்று முடிந்தன. பெரிய இடத்தில் இருந்தவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படி முடித்தார்கள் என்று அத்தை சொல்வார். இருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் காலி நாற்காலிக்கு ஆள் வந்தார். இரண்டு படைக்காரர்களும் ஒரே அறையில், ஒரே வரைபடத்தின்முன் உட்கார்ந்தார்கள். அந்த ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்க்க அப்பா வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாக நடப்பாராம். போர் முடியும்வரை அந்தத் துறைமுகத்துக் கப்பல் எதுவும் நம் விமானத்தைச் சுடவில்லை. அதற்கு அந்த அறைதான் காரணமா, அதிர்ஷ்டமா என்று எனக்குத் தெரியாது. மாமா அறைதான் என்பார்.

விமானியின் மனைவிக்கு, எதிரி தாக்குதலில் கணவர் இறந்துவிட்டார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மாமாவால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விமானியின் வீட்டுக்குப் போனார். அப்பாவும் கூடப்போனார். ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். மாமா உள்ளே போய் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டு முடித்தார். சுட்டது யார் என்று கேட்டார். வெளியே நிற்கிறார் என்றார் மாமா. அந்த அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். வெயிலில் அப்பா தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மாமாவுக்குத் தான் செய்தது தப்போ என்று தோன்ற ஆரம்பித்தது. பிறகு அந்த அம்மாவே போய்க் கேட்டைத் திறந்தார்.

"கடைசி வரைக்கும் நீங்க பார்த்துட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். "எப்படி இறக்கினாரு?"

அதை மாமாவால் சொல்லியிருக்க முடியாது. அவர் வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். புகையும் வானமும்தான் அவருக்குத் தெரிந்தன. விமானி அந்த விமானத்தை எப்படிக் கீழே கொண்டுவந்தார் என்று முழுக்கப் பார்த்தவர் அவரைச் சுட்டவர் ஒருவர்தான். அப்பா நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே சொன்னார். அடிபட்டதும் விமானம் மூக்கு கவிழ்ந்து நேராகச் சரக்குக் கப்பல் ஒன்றின்மேல் விழுகிற மாதிரி வந்தது. அதைத் திருப்பினார். ஒரு இறக்கை பாதி இல்லை. ஆனாலும் கடைசி நொடியில் நிமிர்த்தி, வால் பக்கம் அடிபடாமல் அடியைத் தான் இருந்த முன்பக்கமாக வாங்கிக்கொண்டு இறக்கினார். பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு இல்லாவிட்டால் அப்படி யாரும் இறக்கமாட்டார்கள்.

அந்த அம்மா மறுபடி சொல்லச் சொன்னார். அப்பா மறுபடி சொன்னார். மாமாவும் அதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார். தன் உயிர் எந்தக் கையில் இருந்தது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று பேருமாக அழுது முடித்தபிறகு அந்த அம்மா டீ போட்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்து அப்பாவிடம் சொன்னார்.

"மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வந்துட்டுப் போங்க. அவர் பறந்ததப் பார்த்தவங்க எனக்கு வேற யாரு இருக்காங்க?"

அப்பா போய்க்கொண்டுதான் இருந்தார். நான் அந்த அம்மாவை விமானி வீட்டு அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தேன். என் அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் முன்வரிசையில் அவரும் நடந்தார்.

மாமா அத்தையைக் கேட்ட விதம் எங்கள் வீட்டில் ஒரு தனிக்கதை. அத்தையிடம் முதலில் கேட்டு, அத்தை சரி என்றபிறகுதான் அப்பாவிடம் வந்தார். அப்பா அவரைத் தாத்தாவிடம் கூட்டிப்போனார். தாத்தாதான் சந்தேகப்பட்டார். சுட்டவன் வீட்டிலேயே வந்து பெண் கேட்கிறானே, ஏதாவது பழிவாங்கப் பார்க்கிறானா என்று அப்பாவை ஓரமாக அழைத்துக் கேட்டாராம். அது மாமாவின் காதில் விழுந்துவிட்டது. வயர்லெஸ் காது. "பழிவாங்கத்தான் மாமா. ஆயுசு முழுக்க உங்க வீட்டு மாப்பிள்ளையா வந்து உட்கார்ந்து சாப்பிடப்போறேன்" என்றார். தாத்தா சம்மதித்தார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் காவல் கப்பலின் கேப்டன்.

அதற்குப் பிறகு மாமா சொந்தமாகக் காயில் கடை வைத்தார். அவர் வீட்டில் ஒரே ஒரு கண்டிப்புதான். சொல்லாமல் யாரும் எங்கேயும் போகக்கூடாது. தெருமுனைக்குப் போனாலும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வேண்டுமென்றே, "மாமா, நான் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போறேன்" என்போம். அவரும் சிரிக்காமல், "அந்த அறைக்குப் போறே, சரி" என்பார்.

அப்பாவுக்குத்தான் போர் முடியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலையில் சில காலம் நன்றாகத்தான் இருந்தார். எனக்கு விவரம் தெரிந்து பள்ளிக்குப் போகிற வயதில் அவர் மெல்ல மெல்ல அடங்கிப்போனார். கதவு அறைந்தால் விதிர்த்துப்போவார். வேலையை விட்டார். பிறகு படுக்கையைவிட்டே எழவில்லை. அம்மா டாக்டர்களிடம் கூட்டிப்போனார். மாத்திரை சாப்பிட்டுத் தூங்கினார். நாங்கள் வீட்டில் கிசுகிசுத்தே பேசப் பழகினோம்.

ஒருநாள் காலை மாமா வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "மச்சான், சட்டைய மாட்டுங்க, கடைக்குப் போலாம்" என்றார். அப்பா வரவில்லை என்றார். மாமா வற்புறுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். அந்தக் காலோடு எங்கள் மாடிப்படி ஏறுவது சின்ன வேலையில்லை. ஒவ்வொரு படியிலும் அந்தக் கால் இழுபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைத் தாங்கமுடியாமல்தான் அப்பா எழுந்தார் என்று நினைக்கிறேன். ஒரு காலையில் மாமா வரும்போது அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

கடையில் அப்பாவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் கம்பி சுற்றக் கொடுத்தார். பள்ளி விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன். வார்னிஷ் வாசமும் சூடான இரும்பு வாசமும் கலந்து வரும் அந்தக் கடை எனக்குப் பிடித்த இடம். அப்பாவுக்கு அந்த வேலை கொஞ்சமும் வரவில்லை. ஒரு நாள் அவர் சுற்றி முடித்ததைக் கையில் எடுத்து மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கோணல்மாணலாகக் கிடந்தது. எனக்கோ, அப்பா மனம் நொந்துவிடக் கூடாதே என்று இருந்தது. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணுகூட போகவேண்டிய இடத்துக்குப் போகல மச்சான். அன்னிக்கு இப்படிப் பண்ணியிருந்தா நான் ரெண்டு நல்ல காலோட வீட்டுக்குப் போயிருப்பேன்."

அப்பா அவரை முறைத்துப் பார்த்தார். முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். நான் அதுவரை அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. ஸ்டூலில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மாமாவும் சேர்ந்துகொண்டார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு ஓய்ந்ததும் மாமா அந்தக் காயிலைப் பிரித்து அவர் கையிலேயே கொடுத்து, மறுபடி சுற்றச் சொன்னார்.

அப்பா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. ஆனால் எங்களுக்கு ஒரு அப்பா இருந்தார். என்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். என் கல்யாணத்தில் வந்தவர்களை வரவேற்றார். என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். அதையெல்லாம் எங்களுக்குத் தந்தவர், அப்பாவால் கால் ஊனமானவர். இதை ஒருமுறை நான் மாமாவிடம் சொல்லிப்பார்த்தேன். "உங்கப்பா தண்ணில குதிக்காம இருந்திருந்தா நான் எங்க இருந்து படி ஏறியிருப்பேன்?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு பேசவிடவில்லை.

மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. கடையை வேறொருவர் நடத்துகிறார். போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று நானும் கூட இருந்தேன். டாக்டர் மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொன்னார். மாமா திறந்து, எதிரே நின்ற அத்தையைக் கூர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு நரைச்சிடுச்சா உனக்கு?"

"இவ்வளவு நாளா என்ன பார்த்துட்டிருந்தீங்க?" என்றார் அத்தை.

டாக்டர் சிரித்துவிட்டார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை மாமா காரின் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார், எல்லாம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பார் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி. அவர்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, நான் வீட்டுக்குப் போகிறேன், போகும் வழியில் கடைக்கும் போவேன் என்று சொன்னேன். வீட்டுக்குப் போறே, வழியில கடைக்குப் போறே, சரி என்றார். இறங்கிவரும்போது உள்ளே அத்தை அவருக்கு மருந்து விட்டுக்கொண்டே எதற்கோ அதட்டுவது படிக்கட்டுவரை கேட்டது.